நூற்றுக்கு முப்பத்தைந்து பேர்

என் தங்கச்சியை எங்கள் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிலோக்கா என்றால்தான் தெரியும். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். மொத்தம் எட்டு பிளாக். பிளாக்குக்கு ஐந்து மாடி, மாடிக்குப் பத்து வீடு. முதல் முறை அவள் கணக்கெடுத்தபோது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரின் எடையையும் உயரத்தையும் வீடு வீடாக ஏறிப்போய் எடுத்தவள் அவள் ஒருத்திதான். ஐந்து வருடம் கழித்து மறுபடியும் எடுத்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். அவளைப் பன்னிரண்டாவது முடிக்க வைத்து, சுகாதாரப் பணியாளர் பயிற்சிக்கும் நான்தான் அனுப்பினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

எங்கள் குடியிருப்பு கம்பள ஆலைக்காரர்கள் கட்டியது. அப்பா ஆலையில் இருந்தபோது கிடைத்த வீட்டில்தான் இன்றும் நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஆலையில் இப்போது நெய்வதெல்லாம் இயந்திரம். ஆட்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம் நூல் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஆலைப் பேருந்து பிளாக் வாசலிலேயே இறக்கிவிடும். வாசலில் ஒரே ஒரு கடை. அதில் இனிப்பு பன், பொரித்த கிழங்கு, பாட்டில் குளிர்பானம் இவை மூன்றும் எந்நேரமும் கிடைக்கும். காய்கறி வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர் போகவேண்டும். ஆலைக்குப் பின்னால் பெரிய மைதானம் உண்டு, கேட்டில் பூட்டும் உண்டு. இதையெல்லாம் தங்கச்சி முதல் கணக்கெடுப்பின்போது ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தாள். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவள் எடை எடுக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவாள். வராந்தாவில் நிற்க வைத்து எடுத்தால் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு முன்னறையில் மெஷினை வைப்பாள். எண் தெரியும் பக்கம் தன்னைப் பார்த்து இருக்கும். ஏறுகிறவர் சுவரைப் பார்த்து நிற்பார். எண்ணை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாள். சின்னச் சீட்டில் எழுதி, மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். மாமியார் எடை மருமகளுக்குத் தெரியாது, மருமகள் எடை மாமியாருக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் கதவைத் திறந்தார்கள்.

எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் அவளை லேசில் விடவில்லை.

"கிலோக்கா, மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு ஏறட்டுமா?"

"கண்ணாடி இருபது கிராம்கூட இருக்காதும்மா."

"இருக்கட்டுமே. எனக்குச் சேராத கணக்கு எனக்கு எதுக்கு?"

முதல் கணக்கெடுப்புக்கு நாலு மாதம் ஆயிற்று. உயரத்துக்கு இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று ஓர் அட்டவணை அவளிடம் உண்டு. அதில் கடைசியில் சிவப்புப் பட்டை. அந்தப் பட்டைக்குள் விழுந்தவர்கள் நூற்றுக்கு முப்பத்துநாலு பேர். சுகாதார அலுவலகம் அதைப் பார்த்துவிட்டு மூன்று காரியம் செய்தது. இரண்டாவது பிளாக்கின் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்தது. வியாழக்கிழமை தோறும் டாக்டர் வருவார் என்றது. ஆலையோடு பேசி, காலையில் ஒன்றரை மணி நேரம் மைதானத்தைத் திறந்துவிட ஏற்பாடு செய்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. ஐந்து வருடம் கழித்து மறுபடி எடை எடுக்க வேண்டும். சிவப்பில் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேராவது குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் அறையும் டாக்டரும் வேறு பகுதிக்குப் போய்விடும்.

இந்த நிபந்தனை யாருக்கு முக்கியமோ இல்லையோ, லாரிக்காரருக்கு முக்கியம். மூன்றாவது பிளாக், நாலாவது மாடி. இருபத்தேழு வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய். வலது பாதத்தில் ஆறாத புண். லிப்ட் ஓடி எத்தனையோ வருடமாயிற்று. வியாழக்கிழமை மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றி, மருந்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதிக் கொடுப்பார். வாரம் தவறாமல் பார்த்தால் கால் நிற்கும், விட்டால் போய்விடும் என்று டாக்டர் அவர் எதிரிலேயே சொல்லியிருந்தார்.

முதல் முறை தங்கச்சி அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மெஷினை ஒரு பார்வை பார்த்தார்.

"தங்கச்சி, இது என்னைத் தாங்குமா?"

"நூத்தம்பது வரைக்கும் தாங்கும்ணே."

"பாத்துக்க. நான் ஏறி இறங்கினா அது ஒரு வாரம் லீவு கேக்கும்."

அன்று நூற்று முப்பத்தொன்று காட்டியது. இரண்டு மாதம் கழித்து அறை திறந்து அவர் வந்தபோது அங்கிருந்த மெஷினில் நூற்று முப்பத்தைந்து. "ரெண்டு மாசத்துல நாலு கிலோவா? நீ எழுதிக் கொடுத்த சீட்டைப் பாத்த கவலையிலேயே தின்னுட்டேன் போல" என்று அவரே சிரித்தார். அறைக்கு முதல் தடவை வந்த எல்லோருக்குமே இரண்டு மூன்று கிலோ கூடியிருந்தது. ஜனங்களின் கவலை தீனியில் போய் முடிகிறது என்று நாங்களும் பேசிச் சிரித்தோம்.

அந்த ஐந்து வருடத்தில் தங்கச்சி பட்ட பாடு கொஞ்சமல்ல. காலை ஐந்தரைக்கு மைதானக் கேட்டில் நிற்பாள். வராதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவாள். கடைக்காரரிடம் மல்லுக்கட்டி வாழைப்பழமும் கீரையும் வைக்கச் செய்தாள். "கீரை வாடுது, பன் வாடுதா?" என்று அவர் கேட்பார். "வாடின கீரையை நான் எடுத்துக்கிறேன்" என்று இவள் சொல்லுவாள். எங்கள் வீட்டில் மூன்று வருடம் வாடின கீரைதான். தையல்காரம்மா ஒன்பது கிலோ குறைந்தார். தன் சட்டையைத் தானே பிரித்துத் தைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பித் திரும்பிக் காட்டினார். லாரிக்காரர் நூற்றுப் பத்தொன்பதுக்கு வந்தார். புண் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

இரண்டாவது கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது தங்கச்சி வீட்டில் மெஷினை எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். நான் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் இடத்தில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். எடை மெஷின் என்றால் என் கண் தானாக அதன் காலுக்குத்தான் போகும். மெஷின் எங்கள் முன்னறைக் கம்பளத்தின் மேல் இருந்தது.

"என்னடி இது? மெஷினை இப்படியா வைப்பாங்க? கீழே கெட்டியா இருக்க வேண்டாமா?"

"பயிற்சியில சமமான இடத்துல வைக்கச் சொன்னாங்கக்கா. சமமாத்தானே இருக்கு?"

"சமமா இருந்தா மட்டும் போதுமா? இரு, நான் ஒண்ணு செஞ்சு தரேன்."

அலுவலகத்தில் உடைந்த மரப்பெட்டியின் மூடியைக் கேட்டு வாங்கி வந்தேன். அளந்து அறுத்தேன். நாலு ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, தூக்கிப்போக ஒரு கைப்பிடியும் அடித்தேன். ரசமட்டக் கோல் வைத்துப் பார்த்தேன், மயிரிழை சாயவில்லை. என் தங்கச்சி போகும் இடமெல்லாம் என் பலகையும் போகும் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் முதல் கணக்கெடுப்பின் ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

மறுபடி நாலு மாதம். இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் கம்பளத்தின் மேல் என் பலகை, பலகையின் மேல் மெஷின். கணக்கு முடிந்து வந்தது: நூற்றுக்கு முப்பத்தைந்து.

மூன்று குறைய வேண்டிய இடத்தில் ஒன்று கூடியிருந்தது. தங்கச்சி மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். நான் ஒரு முறை கூட்டினேன். மாறவில்லை. அவள் அலுவலகத்தில் தாளைக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"தையல்காரம்மா இளைச்சது பொய்யாக்கா? லாரிக்காரர் இளைச்சது பொய்யா?"

"பொய் எப்படிடி ஆகும்? சட்டையைப் பிரிச்சுத் தைச்சாங்களே."

"அப்போ இவங்க இளைச்ச அளவுக்கு மத்தவங்க பெருத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? அஞ்சு வருஷமா யார் பின்னாடிக்கா ஓடினேன்?"

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. அறைக்கு வந்தவர்களின் எடை அட்டைகளையும் இரண்டு கணக்கெடுப்புத் தாள்களையும் தரையில் பரப்பி வைத்து, ஆள் ஆளாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பலகையைத் தாளோடு சுகாதார அலுவலகத்திலேயே விட்டு வந்திருந்தாள். மெஷின் கம்பளத்தில் கிடந்தது. துடைப்பதற்காக நகர்த்தப் போன நான், சும்மா அதில் ஏறி நின்றேன். அறுபத்தொன்று புள்ளி எட்டு. போன வாரம் பலகை மேல் அறுபத்துநாலு புள்ளி மூன்று. ஒரு வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைய நான் ஒன்றும் செய்யவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைச் சிமெண்டுத் தரையில் வைத்து ஏறினேன். அறுபத்துநாலு புள்ளி மூன்று.

குப்புறப் படுத்து மெஷினின் அடியைப் பார்த்தேன். எடையை உணர்வது அதன் நாலு சின்னக் கால்கள்தான். கம்பளம் தடிமனாக இருந்தால் கால் புதைந்து, அடித்தகடு கம்பளத்தின் மேல் உட்கார்ந்துவிடும். பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தகடு வாங்கிக்கொள்ளும். அந்தப் பங்கு எண்ணில் வராது. ஆள் கனமாக இருந்தால் இன்னும் ஆழமாகப் புதையும், இன்னும் அதிகம் விழுங்கும். அறையில் வெறும் சிமெண்டுத் தரை, அங்கே முழு எடையும் வந்தது; லாரிக்காரரிடம் கம்பளம் நாலு கிலோ விழுங்கியிருந்தது.

எங்கள் குடியிருப்பில் கம்பளம் இல்லாத முன்னறையே கிடையாது. நெசவில் பூ கோணலாகப் போய்விட்டால் ஆலை அதை விற்காது, வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடும். நானூறு வீட்டிலும் கோணல் பூப்போட்ட, தடித்த, முதல் தரமான கம்பளம். சுவரிலிருந்து சுவர் வரை.

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பழைய தாள்களை இழுத்து வைத்து உட்கார்ந்தாள். அறைக்கு வந்த ஐம்பத்தெட்டுப் பேருக்கும் வீட்டு எடைக்கும் அறை எடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் எடுத்தாள். சராசரி இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பிறகு ஐந்து வருடத்துக்கு முந்திய ஆயிரத்து நூற்று நாற்பது எடைகளிலும் இரண்டரையைக் கூட்டி, ஒவ்வொருவராக அட்டவணையில் வைத்துப் பார்த்தாள். நான் பென்சில் சீவிக் கொடுத்தேன். எட்டு நாள் ஆயிற்று.

நூற்றுக்கு நாற்பத்தொன்று. அதுதான் எங்கள் குடியிருப்பின் பழைய உண்மை. நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து. கேட்டது மூன்று. அவள் குறைத்தது ஆறு.

சுகாதார அலுவலகத்துக்கு நானும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனேன். மேற்பார்வை அதிகாரி எங்களை உட்கார வைத்து, தாள்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். நல்ல மனுஷி. அதை நான் மறைக்க மாட்டேன்.

"உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. ஆனா இதை நான் எப்படி மேல அனுப்புவேன்?"

"ஏன் மேடம்? மெஷின் எங்கே வேணும்னாலும் கொண்டு வரேன். கம்பளத்துல வச்சு, தரையில வச்சு, ரெண்டையும் காட்டறேன்."

"அது இன்னைக்கு உள்ள வித்தியாசம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எந்த வீட்டுல எங்கே வச்சீங்கன்னு எழுதியிருக்கீங்களா?"

தங்கச்சி முதல் கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டினாள்.

"இல்லையில்ல? முதல் கணக்கு சரின்னா எடை குறையல, மூடுன்னு சொல்லுவாங்க. முதல் கணக்கே தப்புன்னா, தப்பான கணக்கை வச்சு அஞ்சு வருஷம் நடத்தியிருக்கீங்க, மூடுன்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே கதவுதான்மா."

"அறை அட்டை இருக்கே மேடம், அம்பத்தெட்டுப் பேருக்கு?"

"அவங்க குறைக்கணும்னு தேடி வந்தவங்க. ஊருக்கு அவங்களை அளவா வைக்க மாட்டாங்க." பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "மத்தப் பகுதியில யாருக்கும் இந்தச் சிக்கல் இல்ல. நடுவுல திடீர்னு பலகை எதுக்கு? யார் சொன்னாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி, "என் யோசனைதான் மேடம்" என்றாள்.

திரும்பும் பேருந்தில் அவளிடம் கேட்டேன்.

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

"பின்ன? எங்க அக்கா பார்சல் ஆபீஸ்ல பெரிய ஆளு, அவங்கதான் செஞ்சாங்கன்னு சொல்லணுமா?"

"விளையாடாதே."

"உன் பலகை சரியான பலகைக்கா. சரியா அளந்தா மூடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் பேசாம இருந்திருந்தா, ரெண்டு தடவையும் கம்பளத்து மேலேயே எடுத்திருப்ப. ஆறு குறைஞ்சது அப்படியே தெரிஞ்சிருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

கடிதம் மூன்றாவது வாரம் வந்தது. புதன்கிழமை ஒரு வண்டி வந்து அறையிலிருந்த மேஜை, மருந்து அலமாரி, கட்டில், இரண்டு மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். தங்கச்சிக்கு வேலை போகவில்லை. ஊரின் மறுகோடியில் தடுப்பூசிப் பிரிவில் போட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

அறை மூடப்பட்ட அறிவிப்பை எட்டு பிளாக்கிலும் தரைத்தளத்தில் ஒட்டியிருந்தார்கள். லாரிக்காரர் வியாழக்கிழமை தவிர வேறு நாளில் தரைத்தளத்துக்கு வருவதில்லை. அவர் மனைவி அந்த வாரம் ஆலையில் இரட்டை ஷிப்ட். நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தங்கச்சி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். மாடிப்படி வரை போய்விட்டு ஒரு நாள் திரும்பியும் வந்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் போனபோது அவர் ஏற்கெனவே இறங்கி, இரண்டாவது பிளாக் வரை நடந்து வந்து, பூட்டிய அறைக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். வியாழக்கிழமை அவர் அப்படித்தான் வருவார்.

"என்ன தங்கச்சி, டாக்டர் லீவா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேலேயே கிடந்திருப்பேன்ல."

"லீவு இல்லண்ணே. இனிமே வர மாட்டார்."

அவர் கதவிலிருந்த பூட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன், நாங்க குறைஞ்சது பத்தலையாமா?"

"நீங்க குறைஞ்சீங்கண்ணே. நான்தான் சரியா எழுதல."

"அது கிடக்கட்டும். அப்போ காலுக்கு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ரெண்டு பஸ் மாறணும். நான் சீட்டு எழுதித் தரேன்."

"ரெண்டு பஸ்ஸா?" பாதத்தைப் பார்த்தார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் இன்னொரு பஸ் விடுவாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. தங்கச்சி தன் பையில் வைத்திருந்த பஞ்சையும் துணியையும் எடுத்து, படியிலேயே உட்கார்ந்து கட்டு மாற்றினாள். ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் காகிதத்தில் சுற்றி அவர் சட்டைப் பையில் வைத்தாள். மருந்தை யார் பார்த்துக் கூட்டிக் குறைப்பது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரை மூன்றாவது பிளாக்குக்குக் கூட்டிப் போனோம். மாடிக்கு மாடி நின்றோம். இரண்டாவது மாடியில் வெகுநேரம் நின்றோம். அங்கே சுவரில் சாய்ந்துகொண்டு, மைதானத்தை மறுபடி எப்போது திறப்பார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நாலாவது மாடிக்கு ஏறி முடிக்க இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும், கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அதன்பிறகு அவர் கீழே இறங்கி வந்து நான் பார்க்கவில்லை.